துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்?

துப்பாக்கிக்கு இடப்படும் எண்ணெய்க்கு மூன்று வேலைகள் உண்டு. உரசும் உலோகப் பரப்புகளைத் தேயாமல் காக்க வேண்டும். சுட்டபின் படியும் கரியை இளக்கித் தர வேண்டும். காற்றின் ஈரம் இரும்பைத் தொடாதபடி மறைத்து நிற்க வேண்டும். மூன்றையும் ஒரே குப்பியிடம் எதிர்பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கரியை இளக்க, நீர் போல மெலிந்து இண்டு இடுக்குகளில் புகும் கரைப்பான் தேவை. அது சீக்கிரமே ஆவியாகிவிடும். துருவைத் தடுக்கக் கெட்டியான, நகராத படலம் தேவை. அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குளிரில் இறுகும். உராய்வைக் குறைப்பதற்கு இவை இரண்டுக்கும் இடைப்பட்ட பாகுநிலை வேண்டும். ஆகவே ‘சிறந்த எண்ணெய் எது?’ என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. துப்பாக்கியின் எந்தப் பாகத்துக்கு, எந்தத் தட்பவெப்பத்தில், எவ்வளவு காலத்துக்கு என்பவற்றையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை வரும்.

உராய்வின் இயல்பு

மோட்டார் வாகன எஞ்சினில் சுழலும் தண்டு எண்ணெய்யின் மேல் மிதக்கிறது. வேகமாகச் சுழலும் தண்டு எண்ணெய்யைத் தன்னோடு இழுத்துச் சென்று, தனக்கும் தாங்கிக்கும் இடையே ஆப்பு போலச் செருகிக்கொள்கிறது. உலோகமும் உலோகமும் தொடுவதே இல்லை. இதன் கணிதத்தை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் வகுத்தார். வேகமும் பாகுநிலையும் குறைந்து சுமை கூடும்போது உராய்வு எப்படி மாறுகிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902-இல் வளைகோடாகக் காட்டினார். வேகம் மிகக் குறைந்தால் அந்த ஆப்பு உருவாகாது. பரப்புகளின் நுண்ணிய மேடுகள் ஒன்றோடொன்று மோதும். அப்போது அவற்றைக் காப்பது உலோகத்தின் மேல் ஒட்டி நிற்கும் சில மூலக்கூறுகள் தடிமனே உள்ள மெல்லிய போர்வைதான்.

துப்பாக்கி பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலையில்தான் இயங்குகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 தோட்டா வேகத்தில் சுடும் ஏ.கே. ரகத் துப்பாக்கியில், தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைச் சுமக்கும் தாங்கி, நொடிக்குப் பத்து முறை பின்னால் போய் முன்னால் வருகிறது. அதாவது நொடிக்கு இருபது முறை முழுமையாக நிற்கிறது. நிற்கும் ஒவ்வொரு முறையும் மிதக்கும் படலம் அறுந்துபோகிறது. கையால் இயக்கும் போல்ட் துப்பாக்கியில் நிலைமை இன்னும் மோசம்: பூட்டும் காதுகள் மிக மெதுவாக நகர்கின்றன, சுமையோ மிக அதிகம். எனவே எண்ணெய்யின் கெட்டித்தன்மையைக் காட்டிலும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் தன்மையே இங்கு முக்கியம். ஒரு முனையில் உலோகத்தை நாடும் வேதித்தொகுதியும் மறுமுனையில் நீண்ட கார்பன் சங்கிலியும் கொண்ட கொழுப்பு அமிலங்கள் இதில் தேர்ந்தவை. பழங்காலத்து விலங்குக் கொழுப்புகள் நன்றாக உழைத்ததற்கு இதுவே காரணம். இன்றைய எண்ணெய்களில் அந்த இடத்தைச் செயற்கை எஸ்டர்களும், கந்தகமோ பாஸ்பரஸோ கலந்த சேர்மங்களும் நிரப்புகின்றன.

திண்ம மசகுகளும் உண்டு. மாலிப்டினம் டைசல்ஃபைடு அடுக்கடுக்கான படிகம். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் சறுக்கும். எண்ணெய் பிதுங்கி வெளியேறிய பின்னும் இது அங்கேயே இருக்கும். கிராஃபைட்டும் அப்படிப்பட்டதே. ஆனால் அலுமினிய உடல் கொண்ட துப்பாக்கிகளில் அதைப் பயன்படுத்தக் கூடாது. மின்சாரத்தைக் கடத்தும் கிராஃபைட், ஈரம் பட்டால் அலுமினியத்தோடு சேர்ந்து சிறு மின்கலமாகிவிடும், அலுமினியம் அரிக்கப்படும். டெஃப்லான் எனப்படும் பி.டி.எஃப்.இ. துகள்கள் கலந்த எண்ணெய்களுக்கு விளம்பரம் அதிகம். அவை பயனற்றவை அல்ல. விளம்பரம் சொல்லும் அளவுக்கு அதிசயமும் அல்ல.

உப்புக்கு எண்ணெய் மருந்தல்ல

குழலின் உட்புறம் துருப்பிடித்தால் பழி எண்ணெய்யின் மேல் விழுகிறது. வரலாறு வேறு கதையைச் சொல்கிறது.

கரிமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் திண்மக் கழிவாகவே தங்குகிறது. அதில் பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்ஃபேட், சல்ஃபைடுகள் இருக்கும். இவை ஈரத்தை உறிஞ்சுபவை, நீரில் கரைபவை. அதனால் அக்காலத்துத் துப்பாக்கிகள் சோப்பு கலந்த வெந்நீரில் கழுவப்பட்டன. இன்றும் கரிமருந்துத் துப்பாக்கிகளுக்கு அதுவே முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகையற்ற வெடிமருந்து வந்தபோது இந்தத் தொல்லை ஒழிந்தது என்றே நினைத்தார்கள். ஒழியவில்லை. நன்றாகத் துடைத்து எண்ணெய் பூசி வைத்த குழலும் மூன்றாம் நாள் துருவோடு நின்றது. குற்றம் வெடிமருந்தின் அமிலக் கழிவுடையது என்று நம்பி, காரத்தன்மையுள்ள எண்ணெய்களைத் தேடினார்கள்.

உண்மைக் காரணத்தை அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலாளர் வில்பர்ட் ஹஃப் 1922-இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார். வெடிமருந்துக்குத் தீமூட்டும் பிரைமர் தோட்டாவின் அடியில் இருக்கிறது; அதில் இருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலெங்கும் படிகிறது. சாப்பாட்டு உப்பின் நெருங்கிய உறவு அது. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டை நெருங்கும்போது தானே நீரை இழுத்துக் கரைசலாகிறது. பிறகு இரும்பை அரிப்பதற்கு ஒரு குறையும் இல்லை. உப்பு எண்ணெய்யில் கரையாது. உப்பின் மேல் எண்ணெய் பூசுவது கள்வனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது போன்றது. பிரிட்டிஷ் ராணுவத்தில் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றும் வழக்கம் இருந்தது. காரணம் தெளிவாவதற்கு முன்பே மருந்து சரியாக அமைந்துவிட்டது. நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு போகும், சூடான குழல் தானே உலரும், அதன் பின்னரே எண்ணெய்.

அரிப்புண்டாக்காத பிரைமர்கள் 1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தன. ராணுவங்கள் மட்டும் பழைய பிரைமரின் நம்பகத்தன்மையை விட மனமின்றி மேலும் பல ஆண்டுகள் அதையே பயன்படுத்தின. எனவே பழைய ராணுவ உபரித் தோட்டாக்களைச் சுடுபவர் முதலில் எடுக்க வேண்டியது நீர், எண்ணெய் அடுத்தது.

இந்தப் பின்னணியில்தான் ஜெர்மனியின் ‘பாலிஸ்டால்’ புகழ்பெற்றது. 1900களின் தொடக்கத்தில் உருவான இந்த எண்ணெய் சற்றே காரத்தன்மை உள்ளது. நீரோடு கலந்தால் பால் போன்ற குழம்பாகும். நீரின் கரைக்கும் ஆற்றலையும் எண்ணெய்யின் காப்பையும் ஒருசேரத் தருவதால், இது இன்றும் கரிமருந்துக்காரர்களின் விருப்பம்.

கொழுப்பிலிருந்து கனிம எண்ணெய்க்கு

மசகின் தேர்வு அரசியலையே புரட்டிப்போட்ட நிகழ்வு இந்தியாவில் நடந்தது. 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில், குண்டு இருக்கும் முனைக்கு விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பூச்சு உண்டு. வரிவெட்டுக் குழலுக்குள் குண்டை முன்வாயிலிருந்து இடிப்பதற்கும், முன்பு சுட்டதன் கரிக்கழிவை இளக்கி வைப்பதற்கும் அந்தப் பூச்சு அவசியமாக இருந்தது. தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும் என்பதும், கொழுப்பு பசுவினுடையதோ பன்றியினுடையதோ என்ற ஐயமும் சேர்ந்து, 1857 ஜனவரியில் டம்டம் முகாமில் முணுமுணுப்பாகத் தொடங்கின. அந்த மாத இறுதியிலேயே, பூச்சில்லாத தோட்டாக்களை வழங்கிச் சிப்பாய்களே தமக்கு விருப்பமான கலவையைப் பூசிக்கொள்ளலாம் என்று அனுமதி தரப்பட்டது. தொழில்நுட்ப நோக்கில் அந்த மாற்றத்தால் இழப்பு ஒன்றும் இல்லை. மெழுகும் தாவர எண்ணெய்யும் அதே வேலையைச் செய்திருக்கும். ஆனால் காலம் கடந்துவிட்டது.

தாவர எண்ணெய்களின் குறை வேறு. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உறைந்து, வார்னிஷ் போன்ற படலமாகிறது. துப்பாக்கியின் மரக்கட்டைக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சு இல்லை. போல்ட்டுக்கோ இதைவிடக் கேடு வேறில்லை. ஓர் எண்ணெய் எந்த அளவுக்கு இப்படி உறையும் என்பதை அதன் அயோடின் எண் காட்டும். ஆளிவிதைக்கு அது 170-க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 110 அளவில். தேங்காய் எண்ணெய்க்குப் பத்தை ஒட்டி. அந்தக் கணக்கில் தேங்காய் எண்ணெய் பிசுக்காகாது. ஆனால் 24 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடுகிறது. மார்கழிக் காலையில் குப்பியிலிருந்து இறங்காத எண்ணெய், துப்பாக்கிக்குள்ளும் இறங்காது. போதாததற்கு, நாள்பட்டுக் காறினால் வெளியாகும் கொழுப்பு அமிலங்கள் பித்தளையில் பச்சைக் களிம்பேற்றும்.

உறையாத, காறாத எண்ணெய்க்காகத் திமிங்கிலம் வேட்டையாடப்பட்டது. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் வேதிநோக்கில் எண்ணெய்யே அல்ல, திரவ மெழுகு. கடிகாரங்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் நீண்ட காலம் அதுவே முதல் தரம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடைசெய்தது. பிரிட்டிஷ் பேரரசின் படைவீரன் சுமந்ததோ ‘ரங்கூன் எண்ணெய்’. பர்மாவின் கிணறுகளில் எடுத்த பெட்ரோலியத்திலிருந்து வந்த அந்தக் கனிம எண்ணெய், லீ-என்ஃபீல்டின் மரக்கட்டைக்குள் ஒரு சிறு பித்தளைக் குப்பியில் இருந்தது. என்.சி.சி.யில் துப்பாக்கி துடைத்தவர்களுக்குப் பழக்கமான ‘புல்-த்ரூ’ கயிறும் அதன் நுனியில் கோக்கும் ஃபிளானல் துணியும் அதே குழிக்குள் அடங்கியவைதாம்.

இன்றைய எண்ணெய்களில் பெரும்பான்மை கனிம எண்ணெய்யோ, பி.ஏ.ஓ. எனப்படும் செயற்கை ஹைட்ரோகார்பனோ ஆகும். செயற்கை எண்ணெய்யின் மூலக்கூறுகள் ஒரே அளவானவை, மெழுகு கலந்திராது. எனவே குளிரில் இறுகுவதும் வெப்பத்தில் மெலிவதும் குறைவு. கூடுதல் விலைக்கு அது உண்மையிலேயே ஈடு கொடுக்கும் இடம் இது.

குளிர், மழை, மணல்

1941–42 குளிர்காலத்தில் ரஷ்யாவில் ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிகள் உறைந்து நின்றன. உலோகத்துக்கு ஒன்றும் நேரவில்லை. எண்ணெய்யும் கிரீஸும் இறுகிப் போல்ட்டைப் பிடித்துக்கொண்டன. போருக்குப் பிறகு ஜெர்மானியத் தளபதிகள் அமெரிக்க ராணுவத்துக்காக எழுதிய குறிப்புகளில், தென் ரஷ்யாவில் கிடைத்த சூரியகாந்தி எண்ணெய் கைகொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. அது சில வாரங்களில் பிசுபிசுக்கும் எண்ணெய்தான். உயிர் போகும் இடத்தில் சில வாரம் போதும். இன்று துருவப் பகுதிகளுக்கென்றே மெல்லிய எண்ணெய்கள் உண்டு. அமெரிக்க ராணுவக் கையேடு, மைனஸ் 23 டிகிரிக்குக் கீழே வழக்கமான எண்ணெய்யை முற்றிலும் துடைத்தெடுத்துவிட்டு இவற்றை இடச் சொல்கிறது. சியாச்சின் போன்ற இடங்களில் இதே இயற்பியல்தான் ஆள்கிறது.

மழை எதிர்த்திசையில் இழுக்கும். அமெரிக்காவின் எம்-1 கேரண்ட் துப்பாக்கியில், கனமழை போல்ட்டின் உரசும் முனையிலிருந்து எண்ணெய்யைக் கழுவிவிட, போல்ட் சிக்கிக்கொண்டது. மெல்லிய எண்ணெய்யை எத்தனை முறை விட்டாலும் பயனில்லை. நீர் கழுவ முடியாத கிரீஸைத் தேர்ந்தெடுத்து, வீரனின் கைக்குச் சிறு டப்பாவில் கொடுத்த பின்னரே தொல்லை நீங்கியது. கிரீஸ் என்பது சோப்பு இழைகளுக்குள் சிறைப்பட்ட எண்ணெய். அழுத்தம் வரும்போது எண்ணெய்யை விடும், மற்ற நேரத்தில் இடத்தை விட்டு நகராது. பொதுவான விதி இதிலிருந்தே பிறக்கிறது: சுழலும் இடத்துக்கும் நுண்ணிய பாகத்துக்கும் எண்ணெய், சுமையோடு சறுக்கும் இடத்துக்குக் கிரீஸ்.

மணல் பற்றி ஒருமித்த கருத்தில்லை. பாலைவனத்தில் எண்ணெய்யே கூடாது, ஈர எண்ணெய் மணலைப் பிடித்துத் தேய்க்கும் களிம்பாகிவிடும் என்பது ஒரு கட்சி. எண்ணெய் மிகுந்திருந்தால் மணல் மிதந்து விலகும் என்பது மறு கட்சி. துப்பாக்கியின் அமைப்பைப் பார்க்காமல் பேசுவதால்தான் இந்தச் சண்டை தீரவில்லை. எம்-16, எம்-4 வகைகளில் வெடிவாயு நேரே போல்ட் தாங்கிக்குள்ளேயே செலுத்தப்படுகிறது. சூடான வாயு எண்ணெய்யை எரித்தும் ஊதியும் விடுவதால் அங்கு தாராளமாக இட வேண்டியிருக்கிறது. இடைவெளிகள் தளர்வாக உள்ள ஏ.கே. வகைக்குச் சிறிதளவே போதும்.

எம்-16 வியட்நாமுக்குப் போனபோது, அதற்குத் துப்புரவே வேண்டியதில்லை என்ற நினைப்பு பரவியிருந்தது. பலருக்குச் சுத்தம் செய்யும் கருவிப்பை வழங்கப்படவில்லை. வெடிமருந்தின் வகை மாற்றப்பட்டுக் கரிப்படிவு கூடியிருந்தது. தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. வெப்பமண்டல ஈரத்தில் அறை துருவேறி உறைகள் சிக்கின. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்துக் கடுமையாகச் சாடியது. பிறகு கருவிப்பை வந்தது, குரோமியம் வந்தது. 1980-ஐ ஒட்டித் துப்புரவு, மசகு, துருக்காப்பு மூன்றையும் ஒன்றாகச் செய்யும் ‘சி.எல்.பி.’ எண்ணெய்யும் வந்தது. மூன்று குப்பிகளைச் சுமக்க முடியாத படைவீரனுக்காகச் செய்த சமரசம் அது. மூன்று வேலையிலும் தேர்ச்சி பெறும், எதிலும் முதலிடம் பெறாது. சாதாரணப் பயன்பாட்டுக்கு அது போதும்.

எண்ணெய் படக் கூடாத இடங்கள்

எண்ணெய்க் குறைவால் கெட்ட துப்பாக்கிகளைப் போலவே, தகாத இடத்தில் எண்ணெய் இருந்ததால் கெட்டவையும் உண்டு. முதலில் தோட்டா அறை. சுடும் கணத்தில் நவீன ரைபிளின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டைத் தாண்டும். பித்தளை உறை விரிந்து அறைச் சுவரைக் கவ்விக்கொள்வதால், போல்ட்டின் மேல் விழ வேண்டிய விசையில் ஒரு பகுதியைச் சுவர் ஏற்கிறது. அறையில் எண்ணெய் இருந்தால் உறை கவ்வாமல் வழுக்கும். மொத்த விசையும் போல்ட்டின் மேல் இறங்கும். தோட்டாவுக்கே எண்ணெய் தடவும் பொறியமைப்பு சில பழைய இயந்திரத் துப்பாக்கிகளில் இருந்தது உண்மை. இத்தாலியின் பிரெடா-30 அவற்றுள் ஒன்று. வட ஆப்பிரிக்கப் பாலையில் எண்ணெய் பூசிய தோட்டாக்கள் மணலை அள்ளிக்கொண்டு உள்ளே போனதால் அதற்குக் கெட்ட பெயரே மிஞ்சியது.

1921-இல் அமெரிக்க தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் நடந்தது இதைவிடப் பாடமானது. குண்டின் உலோகம் குழலில் ஒட்டுவதைத் தடுக்க அந்த ஆண்டுத் தோட்டாக்களின் குண்டுகளுக்கு வெள்ளீயம் பூசப்பட்டிருந்தது. நாளடைவில் வெள்ளீயம் குண்டையும் உறையின் கழுத்தையும் பற்றவைத்தது போல ஒட்டியது. பழக்க தோஷத்தில் சிலர் குண்டை மோட்டார் கிரீஸில் தோய்த்தும் சுட்டார்கள். கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க வேண்டிய இடைவெளியைக் கிரீஸ் அடைத்துக்கொண்டது. அழுத்தம் எகிறியது, போல்ட்டைத் திறக்க முடியவில்லை, துப்பாக்கி சேதமுற்றது. வெள்ளீயம் தனியாகவோ கிரீஸ் தனியாகவோ இவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்காது.

குழலின் உட்புறத்துக்கும் இதே எச்சரிக்கை. சேமிப்பின்போது உள்ளே மெல்லிய படலம் வேண்டும். சுடுவதற்கு முன் உலர்ந்த துணியை இழுத்து அதை எடுத்துவிட வேண்டும். அடிக்கும் ஊசியின் துளையில் எண்ணெய் புகுந்தால் கரியோடு குழைந்து ஊசியின் வேகத்தைக் குறைக்கும். குளிரில் தோட்டா வெடிக்காமலே போகலாம். எரிவாயுப் பிஸ்டனில் இட்ட எண்ணெய் கருகிக் கல்லாகும். தோட்டாப் பெட்டிக்குள் தேங்கும் ஊடுருவும் எண்ணெய் பிரைமருக்குள் கசிந்து அதைச் செயலிழக்கச் செய்யலாம். மரக்கட்டையில் ஊறும் எண்ணெய் மரத்தை மெலிவிக்கும்.

கடையில் கிடைப்பவை

டபிள்யூ.டி.-40 எல்லார் வீட்டிலும் இருப்பதால் அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், ஏவுகணையின் உலோகத் தோலிலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்யப்பட்ட கலவை அது. நனைந்த துப்பாக்கியிலிருந்து நீரை வெளியேற்ற நல்லது. அதன் பெரும்பகுதி ஆவியாகும் கரைப்பான். எஞ்சும் படலம் நீண்ட காலக் காப்புக்கோ சுமை தாங்கும் மசகுக்கோ போதாது. புதிய மோட்டார் எண்ணெய் அவசரத்துக்கு மசகாக உதவும். பயன்படுத்திய எண்ணெய்யில் அமிலங்களும் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் உண்டு. அதைத் தொடவே வேண்டாம். தையல் எந்திர எண்ணெய் தூய மெல்லிய கனிம எண்ணெய். விசையமைப்பின் ஊசிமூட்டுகளுக்குத் தீங்கு செய்யாது, ஆனால் துருத்தடுப்பான்கள் அதில் குறைவு.

குழலில் படியும் செம்புக்கு எண்ணெய் எதுவும் உதவாது. அம்மோனியா கலந்த கரைப்பான் வேண்டும். செம்பு கரைந்ததற்கு அடையாளமாகத் துணி நீலமாகும். பித்தளைத் தூரிகையோடு அதைப் பயன்படுத்தினால் தூரிகையே கரைந்து நீலம் காட்டும். குழல் எப்போதும் அழுக்காகவே தெரியும். வேலை முடிந்ததும் கரைப்பானை முழுவதும் துடைத்தெடுத்துவிட்டுத்தான் எண்ணெய் இட வேண்டும்.

வேலையின் வரிசை எளிது. முதலில் தோட்டாப் பெட்டியைக் கழற்றி, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். தோட்டாக்கள் அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது. பிறகு கரைப்பான், தூரிகை, உலர் துணி, கடைசியாக எண்ணெய். எண்ணெய் இட்ட பாகத்தில் விரல் வைத்தால் பளபளப்பு ஒட்ட வேண்டும், வழியக் கூடாது. உலோகம் பளபளத்துத் தேய்ந்திருக்கும் இடங்களே உராயும் இடங்கள். எங்கே எண்ணெய் வேண்டும் என்பதைத் துப்பாக்கியே காட்டிக்கொடுக்கும்.

தமிழகக் கடற்கரையின் காற்றில் ஈரத்தோடு உப்பும் உண்டு. இங்கு உராய்வைவிடத் துருதான் பெரிய எதிரி. துருத்தடுப்பான்கள் நன்கு சேர்ந்த எண்ணெய்யே இங்கு முதல் தேர்வு. விரல் ரேகையிலுள்ள வியர்வை உப்பு ஒன்றே நீலம் பூசிய எஃகில் தடம் பதிக்கப் போதும். துடைத்த பின் வெறும் கையால் தொடக் கூடாது. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பதனிட்ட தோலின் அமிலங்களும் உலோகத்துக்கு ஆகாதவை. அதற்குள் துப்பாக்கியை மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாதம் ஒரு முறையாவது துடைத்துப் புதிதாக எண்ணெய் பூசாத துப்பாக்கி, எவ்வளவு விலையுயர்ந்த எண்ணெய்யில் குளித்திருந்தாலும் துருப்பிடிக்கும்.